‘ஆபீஸுக்கு சைக்கிள்ல போறேன்!’ - ஏழாயிரம்பண்ணை ரூட்டில் ஒரு பசுமைப் பயண கைடு

‘ஆபீஸுக்கு சைக்கிள்ல போறேன்’னு சென்னை ஓ.எம்.ஆர்ல ஒருத்தர் சொன்னா, உடனே ஒரு செல்ஃபி, ஒரு ஸ்டேட்டஸ், கீழே நூறு லைக்ஸ். இதையே விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒருத்தர் சொன்னா, ‘ஏன், வண்டி ரிப்பேரா?’ன்னுதான் கேட்பாங்க.

ரெண்டு பேரும் செய்றது ஒரே வேலைதான். ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்காம வேலைக்குப் போறாங்க. ஒருத்தருக்கு அது ஃபேஷன், இன்னொருத்தருக்கு அது வசதி இல்லாததோட அடையாளம். இந்தப் பார்வை மாறினால்தான் சைக்கிள் திரும்பி வரும். பார்வை மட்டும் மாறினாலும் போதாது. ரோடும், வெளிச்சமும், வேலை இடத்தில் ஒரு நிழலும் கூடவே வரணும். அதனால், ‘சைக்கிள் ஓட்டுங்க, பூமியைக் காப்பாத்துங்க’ என்று அறிவுரை சொல்வதோடு நிறுத்தாமல், இந்த வெயிலில், இந்த ரோட்டில், இந்த வேலைக்கு சைக்கிளில் போவது எப்படி என்று பார்ப்போம்.

இங்க ‘ஆபீஸ்’னா வேற!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ‘ஆபீஸ்’ என்றால் ஏ.சி, கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீங்க. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்... இப்படித்தான் தொழிற்சாலையைச் சொல்வாங்க. ‘அம்மா ஆபீஸுக்குப் போயிருக்காங்க’ என்று ஒரு குழந்தை சொன்னால், அந்த அம்மா குழாய்க்குள் மருந்து அடைத்துக்கொண்டோ, திரி செருகிக்கொண்டோ, பெட்டி ஒட்டிக்கொண்டோ இருப்பார்.

வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கும் ஏழாயிரம்பண்ணை ஒருகாலத்தில் பாளையப்பட்டு. 1799-ல் கட்டபொம்மனை வீழ்த்திய பிறகு, அவருக்குத் துணை நின்ற பாளையங்களை ஆங்கிலேயர் பறித்தபோது அந்தப் பட்டியலில் இந்த ஊரும் இருந்தது. இப்போது கரிசல் காடும் சீமைக்கருவேலமும் பட்டாசு ஆலைகளும்தான் இந்தப் பக்கத்தின் அடையாளம்.

ஆலைகள் ஊருக்கு நடுவில் இருக்காது. இருக்கவும் கூடாது. வெடிபொருள் என்பதால் வீடுகளிலிருந்து விலகித்தான் ஆலை இருக்கணும். ஆலைக்குள்ளும் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி வேணும். அதனால் வேலைக்குப் போவது என்றாலே ஊரைத் தாண்டி, காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் போவதுதான். நடந்து போகிறவர்கள், கம்பெனி வேனில் போகிறவர்கள், டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் போகிறவர்கள், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. சைக்கிளில் போகிறவர்களும் உண்டு.

சைக்கிளுக்கு இந்த மண்ணில் ஒரு பெரிய ப்ளஸ் இருக்கு. தரை பெரும்பாலும் சமதளம். கொடைக்கானல் மாதிரி ஏத்தம் கிடையாது. மைனஸ்? வெயில், முள், இருட்டு. மூன்றையும் பிறகு பார்ப்போம்.

உண்மையிலேயே எவ்வளவு பசுமை?

‘பசுமை’ என்ற வார்த்தை இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பு சொன்னதிலிருந்து ‘பசுமைப் பட்டாசு’ என்ற பேச்சுதான் இங்கே. நீரி என்ற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அந்த ஃபார்முலாவின் இலக்கு, வழக்கமான பட்டாசைவிடத் துகள் மாசைக் குறைந்தது 30% குறைப்பது. பட்டாசை மாற்றச் சொல்லி நாடே பேசியது. அதைச் செய்கிறவர் வேலைக்கு எப்படி வருகிறார் என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நாம ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். உங்க வண்டி லிட்டருக்கு 50 கி.மீ தருது என்று வச்சுக்குவோம். அப்படின்னா, கிலோமீட்டருக்கு 46 கிராம்.

வேலை இடம் 5 கி.மீ தூரம். போக வர 10 கி.மீ. மாசம் 25 நாள் வேலை என்றால் 250 கி.மீ. அதாவது 5 லிட்டர் பெட்ரோல், சுமார் 11.5 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. தூரம் 10 கி.மீ என்றால் எல்லாமே டபுள்: மாசம் 10 லிட்டர், 23 கிலோ. வருஷத்துக்கு 276 கிலோ. சைக்கிளில் போனால் எரிபொருள் புகை பூஜ்ஜியம்.

இங்கே ஒரு நேர்மையான விஷயத்தையும் சொல்லணும். கம்பெனி வேன் லிட்டருக்கு 10 கி.மீ ஓடி, அதில் 20 பேர் போனால், ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 14 கிராமுக்குள்தான் வரும். அதாவது, ஆள் நிறைந்த வேன், ஒத்தை ஆள் போகும் மொபெட்டைவிட எவ்வளவோ பசுமை. அதனால் வேனில் போகிறவர் சைக்கிளுக்கு மாறினால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். 3, 4 கிலோமீட்டருக்குத் தனியாக வண்டியை முறுக்குகிறவர் மாறினால்தான் பெரிய லாபம். சைக்கிள் போட்டியிட வேண்டியது வேனோடு இல்லை. பக்கத்துக் கடைக்கே கிக்கரை உதைக்கும் நம்ம பழக்கத்தோடுதான்.

பர்ஸுக்கு என்ன, உடம்புக்கு என்ன?

பெட்ரோல் லிட்டர் சுமாராக 100 ரூபாய் என்று வைத்தால், 5 கி.மீ தூரக்காரருக்கு மாசம் 500 ரூபாய், 10 கி.மீ தூரக்காரருக்கு 1,000 ரூபாய் மிச்சம். ஆயில், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், வண்டி டியூ எல்லாம் தனி. பட்டாசு வேலையில் நிறைய பேருக்கு பீஸ் ரேட் சம்பளம், செய்த எண்ணிக்கைக்குத்தான் காசு. மழை பெய்தால் வேலை இல்லை, ஆலை மூடினால் வேலை இல்லை. அந்த வாரங்களிலும் வண்டி டியூ நிற்காது. சைக்கிளுக்கு டியூ, பெட்ரோல் என்ற கவலை இல்லை.

உடம்புக்கு வருவோம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 கி.மீ தூரத்தை நிதானமாக மிதித்தால் 20 நிமிஷம். போக வர 40. அஞ்சு நாளில் 200 நிமிஷம். ஜிம் ஃபீஸ் இல்லாமலே கோட்டா முடிஞ்சது.

2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம், காரிலோ பஸ்ஸிலோ போனவர்களைவிட அந்தக் காலத்தில் இறப்பதற்கான வாய்ப்பு 41% குறைவாக இருந்தது. அதற்கு சைக்கிள் மட்டும்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அந்த ஊர்க் குளிரும் நம்ம ஊர் 40 டிகிரியும் ஒண்ணு இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும் பலனை, நாள் முழுக்கச் சுமை தூக்குபவருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனால், உட்கார்ந்த இடத்தில் எட்டு மணி நேரம் பெட்டி ஒட்டும், திரி செருகும் வேலைக்குக் காலையும் மாலையும் இருபது நிமிஷ மிதி நல்ல மருந்துதான்.

புதுக்கோட்டை சொன்ன பாடம்

‘எங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாம் சைக்கிள்ல வேலைக்குப் போறது நடக்காது’ என்று யாராவது சொன்னால், விருதுநகரிலிருந்து வடகிழக்கே இருக்கும் புதுக்கோட்டையைக் காட்டுங்க.

1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு கொடுக்க வந்த இயக்கம், கூடவே சைக்கிளையும் கையில் எடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத் இதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். பெண்களுக்கு சைக்கிள் பயிற்சி, ஊர் ஊராகப் பேரணி, அதற்கென்றே பாட்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அந்த ஊர்களைச் சுற்றிவந்து எழுதியபடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராம நர்ஸுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதில் முன்னால் நின்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, ‘பார்’ வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதுவும் வசதியாகப் போனது. சாய்நாத்தின் அந்தக் கட்டுரை இந்தி வழியில் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்கே போனது.

இதில் கவனிக்கவேண்டியது ஒண்ணு. அந்தப் பெண்கள் யாரும் கார்பனைக் குறைக்க சைக்கிள் ஏறவில்லை. பஸ்ஸுக்காகவும், அப்பா, அண்ணன், புருஷனுக்காகவும் காத்திருக்காமல் இருக்கத்தான் ஏறினார்கள். தண்ணீர் எடுக்க, பொருள் விற்க, வேலைக்குப் போக, எதற்கும் தன் நேரம் தன் கையில். பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இது அப்படியே பொருந்தும். வேன் நாலரை மணிக்கு வந்தால், மூணரைக்கே எழுந்து சோறு பொங்கி, தெரு முனையில் நிற்கணும். ஆலை நாலு கிலோமீட்டர்தான், கையில் சைக்கிள் இருக்கு என்றால், எப்போது கிளம்பணும் என்பதை அவர் முடிவு செய்யலாம்.

பெட்ரோல் நின்னுபோச்சுன்னா?

பெட்ரோல் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாம வாழ்க்கையை அமைக்கிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு அந்த வசதி 1990-களில் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராமல் நின்றபோது, அந்தக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ஆசிரியரும் அதில்தான் போனார், அரசு ஊழியரும் அதில்தான் போனார். நோயாளியை ஏற்றிப்போனதும், விறகு கட்டிப்போனதும் சைக்கிள்தான். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ கரன்ட்டில் ரேடியோ கேட்டார்கள்.

2022-ல் இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்பிலும் ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிள் தேடி அலைந்தார்கள். பரணில் இருக்கும் ஒரு சைக்கிள், ஆபத்துக்கு உதவும் சேமிப்பு மாதிரி.

நாம ஏன் விட்டோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் சுமார் 45% வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார் வைத்த டூவீலர் இருந்தது 21% வீடுகளில். விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த தொழிலாளர்களில் சுமார் 13% பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். அதாவது, நம்ம நாட்டில் ‘சைக்கிளில் வேலைக்குப் போவது’ புது ஐடியா இல்லை. போய்க்கொண்டிருந்ததை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சமும் இல்லை. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் ப்ளஸ் ஒன் மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்தது. உங்க வீட்டிலேயே ஒண்ணு இருக்கும், பாருங்க. ப்ளஸ் டூ முடிந்ததும் மாட்டுத்தொழுவத்தில் சாத்தி வைத்ததாக இருக்கும்.

விட்டதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. தூரம் கூடியது. லோனில் வண்டி சுலபமாகக் கிடைத்தது. ‘இன்னுமா சைக்கிள்?’ என்ற கேள்வி வந்தது. எல்லாத்துக்கும் மேலே, ரோடு மாறியது. அகலமான தார் ரோடு வந்ததும் லாரி, வேன், பைக் எல்லாம் வேகமானது. சைக்கிளுக்கு என்று விட்ட ஓரம், முள்செடி வளர்ந்த மண்பாதை மட்டும்தான். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவிகிதத்துக்கும் மேல் மோட்டார் டூவீலரில் போனவர்கள். வண்டிக்கு மாறியதால் பாதுகாப்பு கூடிவிடவில்லை என்பதையும் இந்த எண் சொல்லுது.

எந்த சைக்கிள் வாங்கலாம்?

• 5 கி.மீ-க்குள்: கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். கேரியர், மட்கார்ட், செயின் கவர், ஸ்டாண்ட் நாலும் இருக்கணும். ஸ்டைலான மலைப்பாதை மாடல்கள் பலவற்றில் இது எதுவும் இருக்காது. தூக்குவாளியைத் தொங்கவிட ஹேண்டில் வேணும், டிபன் பையை வைக்க கேரியர் வேணும், மழைச் சேறு முதுகில் அடிக்காமலிருக்க மட்கார்ட் வேணும்.

• 5 முதல் 10 கி.மீ: காத்து எதிர்த்து அடிக்கும் ஆடி மாசத்தை நினைச்சு, 6 அல்லது 7 கியர் உள்ளது எடுத்தால் முழங்கால் தப்பும்.

• 10 கி.மீ-க்கு மேல்: தினமும் சைக்கிள் என்று பிடிவாதம் வேண்டாம். பஸ் ஸ்டாப் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் டிக்கெட் இல்லை. அந்த பஸ் ஓடும் தடம் என்றால் மொத்தப் பயணமும் இலவசம்.

• சேலை, சுடிதார்: பார் தாழ்ந்த லேடீஸ் மாடல், முழுச் செயின் கவர், பின்சக்கரத்தில் வலை. துப்பட்டாவின் இரண்டு முனையையும் இடுப்பில் முடிஞ்சுக்கோங்க.

புதுசு வாங்க மாடலைப் பொறுத்து சுமார் 5,000 முதல் 8,000 ரூபாய் ஆகலாம். அதைவிட, வீட்டில் கிடக்கும் பள்ளிக்கூட சைக்கிளைக் கடையில் விட்டு டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி ஓவராயில் பண்ணினால், சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் ரெடி.

சீட் உயரம் ரொம்ப முக்கியம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீளணும். மடங்கி இருந்தால் சீட் தாழ்வு. முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் இதுதான்.

முள், வெயில், இருட்டு, நாய்

முள்: கரிசல் காட்டு சைக்கிளின் முதல் எதிரி சீமைக்கருவேல முள். டயர் தேய்ந்திருந்தால் தினமும் பஞ்சர்தான். நல்ல கனமான டயர், டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு பழைய டியூபை வெட்டி லைனிங் என்று செய்தால் பாதி முள் உள்ளே இறங்காது. பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்க. ஒடிந்த முள் அங்கேயே இருந்தால் அடுத்த பஞ்சர் அரை மணி நேரத்தில். ஒரு கைப்பம்ப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள் துண்டு... சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வெயில்: காலையில் பிரச்னை இல்லை. சாயங்காலம் திரும்பும்போதுதான் ரோடே கொதிக்கும். கிளம்பும் முன் தண்ணீர், பாதி வழியில் தண்ணீர். நீராகாரம், மோர், சீசனில் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு என்று எல்லாம் இங்கேயே கிடைக்குது. எனர்ஜி டிரிங்க் தேவையில்லை. தலைசுற்றல், வாந்தி வருவது போல இருந்தாலோ, குழப்பமாக இருந்தாலோ உடனே இறங்கி நிழலில் உட்காருங்க, உடம்பை நனைங்க, ஆள் கூப்பிடுங்க. அக்னி நட்சத்திரத்தில் மத்தியான ஷிஃப்ட் என்றால் அந்த நாள்களில் சைக்கிளுக்கு லீவு கொடுப்பதில் தப்பே இல்லை.

இருட்டு: விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கு இதுதான் உயிர்ப் பிரச்னை. முன்னால் வெள்ளை எல்.இ.டி லைட், பின்னால் சிவப்பு லைட், மட்கார்டிலும் பெடலிலும் ஒளிரும் ஸ்டிக்கர். லைட் நீங்க பார்ப்பதற்கு மட்டுமில்லை, பின்னால் வரும் லாரி டிரைவர் உங்களைப் பார்ப்பதற்கு. சட்டையும் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். சைக்கிளுக்குச் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் தலை உங்களுக்கு நன்றி சொல்லும்.

ரோடு: சைக்கிள் எப்போதும் இடப்பக்கம், வண்டிகள் போகும் திசையில்தான். எதிர்த் திசையில் போவது நடப்பவருக்கு மட்டும்தான். நிற்கும் லாரிக்கும் வேனுக்கும் இடப்பக்க இடுக்கில் நுழையாதீங்க. டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியிலும் தெரியாது. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

நாய்: வேட்டைநாய்க்குப் பெயர் கொடுத்த சிப்பிப்பாறை பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியுமா? துரத்துவது பெரும்பாலும் தெருநாய்தான். வேகமாக மிதித்தால் அதற்கு இன்னும் உற்சாகம். வேகத்தைக் குறைங்க, தேவைப்பட்டால் இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை நிறுத்துங்க. கடித்துவிட்டால் சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கணும்.

பட்டாசு ஆபீஸ் போறவங்களுக்கு ஸ்பெஷல்

இந்த வட்டாரத்தில் வேலை இடம் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்து ஒன்றிலேயே 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் சைக்கிளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கணும்.

• சைக்கிளை வேலை நடக்கும் அறைகள் பக்கம் கொண்டுபோகாதீங்க. இரும்பு உரசினாலே பொறி வரும். கேட் பக்கத்து ஸ்டாண்டோடு நிறுத்துங்க.

• பேட்டரி வைத்த எலெக்ட்ரிக் சைக்கிள் என்றால் ஆலைக்குள் சார்ஜ் போடவே கூடாது. எங்கே நிறுத்துவது என்று ஃபோர்மேனிடம் முதல் நாளே கேளுங்க. கழற்றி மாட்டும் லைட், செல்போன் எல்லாம் கேட்டிலேயே இருக்கட்டும்.

• வேலை செய்த உடையோடு சைக்கிள் ஏறாதீங்க. துணியிலும் கையிலும் ஒட்டிய மருந்துத் தூள் வியர்வையோடு சேரும், வீட்டுக்கும் வரும். கை, கால், முகம் கழுவி, மாற்று உடை போட்டுத்தான் கிளம்பணும். மாற்று உடையும் பருத்தியாக இருந்தால் வெயிலுக்கும் நல்லது.

• இ.எஸ்.ஐ இருக்கிறதா? அந்தத் திட்டத்தின் விதிப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரிந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். வேன், பைக், சைக்கிள் எதுவானாலும் சரி. அடிபட்டால் அன்றைக்கே ஆபீஸுக்குச் சொல்லிப் பதிவு செய்ய வைங்க. ‘ரோட்டுல விழுந்தது உன் பாடு’ என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீங்க.

சைக்கிள்காரர் மட்டும் மாறினால் போதுமா?

நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு என்று நினைக்கிறோம். ஆனால் அங்கேயும் 1950-களிலிருந்து கார்கள் பெருகி, சைக்கிள் ஒதுங்கிக்கொண்டுதான் வந்தது. 1971-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ‘குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அதன் பிறகுதான் அரசு சைக்கிள் பாதைகளை அமைத்தது. அங்கே சைக்கிள் பாதை, கேட்டு வாங்கிய உரிமை.

நம்ம ஊரிலும் கேட்கலாம். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஏழாயிரம்பண்ணைக்குக் கொள்கை ஆவணம்கூட வேண்டாம். கிராம சபைக் கூட்டத்தில் மூணு கோரிக்கை போதும்: ரோட்டு ஓரத்துக் கருவேலத்தை வெட்டி ஓரத்தைச் சமன்படுத்துவது, ஆலைகளுக்குப் பிரியும் முக்குகளில் தெருவிளக்கு, ஊருக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடை.

ஆலை முதலாளிகள் செய்யக்கூடியதும் பெரிய செலவு இல்லை. கேட்டுக்கு வெளியே கூரை போட்ட ஒரு சைக்கிள் ஸ்டாண்ட், காற்று பம்ப், குளிக்கவும் உடை மாற்றவும் பெண்களுக்குத் தனி அறை. தீபாவளி போனஸோடு ஒரு செட் லைட் கொடுத்தால் இன்னும் நல்லது.

எப்படி ஆரம்பிக்கலாம்?

முதல் வாரம்: ஆலை லீவான ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை இடம் வரை சும்மா ஒரு தடவை போய் வாங்க. எவ்வளவு நேரம் ஆகுது, எங்கே பள்ளம், எங்கே பஞ்சர் கடை, எங்கே தண்ணீர் என்று பார்த்துக்கோங்க.

இரண்டாம் வாரம்: வேலைக்கு ரெண்டு நாள் மட்டும். பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்புங்க. தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம்.

மூன்றாம் வாரம்: ஒரு ஜோடி சேர்த்துக்கோங்க. ரெண்டு சைக்கிள் சேர்ந்து போனால் லாரிக்கும் நல்லா தெரியும், பேச்சுத் துணையும் ஆச்சு. விடியற்காலையில் போகும் பெண்கள் நாலஞ்சு பேராகப் போனால் இருட்டுப் பயமும் குறையும்.

நாலாம் வாரம்: மூணு நாள் சைக்கிள், மீதி நாள் வேனோ பஸ்ஸோ. வாரத்துக்கு ஒருமுறை காற்று, செயினைத் துடைத்து ரெண்டு சொட்டு ஆயில், பிரேக் ஒரு பார்வை. மாசக் கடைசியில் பெட்ரோலுக்குச் செலவாகாத காசை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு எண்ணிப் பாருங்க.

அந்த டப்பா நிறையறதைப் பார்த்தபிறகு, ‘ஏன், வண்டி ரிப்பேரா?’ன்னு யாராவது கேட்டால், ‘இல்ல, வண்டி நல்லாத்தான் இருக்கு. அதான் வீட்ல விட்டுட்டு வந்தேன்’னு சிரிச்சுக்கிட்டே மிதிங்க.